ஒரு சாண் தள்ளிப் பிடித்த மைக்

மேடை ஏறிப் பாடுகிறவளுக்குக் கூட்டத்தைப் பார்த்துப் பயம் என்று சொன்னால் எல்லாரும் நம்புவார்கள். எனக்குக் கூட்டத்தைப் பார்த்து ஒரு நாளும் பயம் வந்ததில்லை. என் பயம் மைக்கைப் பார்த்துதான். கையில் பிடித்திருக்கிற அந்த இரும்புத் தலை வாய்க்குக் கிட்டே வந்தால் உள்ளங்கை வேர்க்கும், பாட்டின் முதல் வரி மறந்துபோகும். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. மேடைக்குக் கீழே, சத்தத்தை ஏற்றி இறக்கும் மிக்ஸர் முன்னால் உட்கார்ந்திருக்கும் என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. அதற்குக் காரணம் வேறு.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம். தாம்பரத்தில் ஒரு மெல்லிசைக் குழுவில் பாடிக்கொண்டிருந்தேன். வாரநாட்களில் ஒரு நர்சரிப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பேன். சனி ஞாயிறு வந்தால் கல்யாண வரவேற்பு, காதுகுத்து, அறுபதாம் கல்யாணம். ஆடி மாதம் முழுக்க அம்மன் கோயில்கள். வீட்டுக்காரர் பம்மலில் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டும் பட்டறையில் வேலை செய்தார். லீவு நாட்களில் எங்கள் குழுவுக்குச் சவுண்டு அவர்தான். கீபோர்டு வாசிப்பவர்தான் குழுவை நடத்தினார். எல்லாரும் அவரை அண்ணா என்போம். என் வீட்டுக்காரர் மட்டும் சார் என்பார்.

மைக் கூவுவதைக் கேட்காதவர்கள் நம் ஊரில் இருக்க முடியாது. பேச எழுந்தவர் தொண்டையைச் செருமுவதற்குள் 'கூ' என்று நீளமாக ஒரு சத்தம் எழும்பும். கூட்டம் காதைப் பொத்தும், குழந்தைகள் அழும், பேச வந்தவர் மைக்கை முறைப்பார். கல்யாணமான புதிதில் இது ஏன் என்று நான் கேட்டதற்கு, சோற்றைப் பிசைந்துகொண்டே அவர் விளக்கினார்.

"நீ பாடறது மைக்ல போயி ஸ்பீக்கர் பாக்ஸ்ல வருது இல்ல? அந்த பாக்ஸ் சத்தம் திரும்ப மைக்ல வுழுந்துச்சின்னா, அதையும் பாட்டுன்னு நெனச்சிகினு மறுபடி பாக்ஸுக்கே அனுப்புது. அது இன்னும் பெருசா வருது. மறுபடி அனுப்புது. சுத்திகினே கீது. அதான் கூவுது."

"அதுக்கு இன்னா பண்ணணும்?"

"பாக்ஸைப் பாடறவங்களுக்கு முன்னாடி வெச்சி ஜனங்க பக்கம் திருப்பணும். முக்கியமா, வாயைக் கிட்ட வெச்சிப் பாடணும். கிட்ட வெச்சா நான் கொறச்சி வெப்பேன், கூவாது. தள்ளி வெச்சா ஏத்தணும். ஏத்துனா பாக்ஸ் சத்தமும் சேந்து உள்ள பூந்துடும்."

இவ்வளவும் எனக்கு மனப்பாடம். ஆனாலும் ஒரு வருஷமாக மைக்கை உதட்டிலிருந்து ஒரு சாண் தள்ளியே பிடித்துக்கொண்டிருந்தேன். எல்லாம் படப்பையில் ஆரம்பித்தது.

படப்பை பக்கம் ஒரு கிராமத்து அம்மன் கோயில். ஆடி ஞாயிறு, கூழ் ஊற்றும் விழா. பட்டறையில் அவசர வேலை என்று அன்று வீட்டுக்காரர் வரவில்லை. கோயில்காரர்களே வேறு யாரோ ஒரு சவுண்டு செட் பிடித்திருந்தார்கள். சாயங்காலம் ஒரு மழை பெய்து விட்டிருந்தது. மேடைப் பலகை மேல் விரித்திருந்த ஜமுக்காளத்தில் கால் வைத்தால் சொதசொதவென்றது. எங்கள் குழுவில் பாடுகிறவர்கள், வாசிக்கிறவர்கள் யாரும் செருப்போடு மேடை ஏற மாட்டோம். செருப்பைக் கீழே கழற்றிவிட்டு, மேடையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் ஏறுவோம். சோறு போடுகிற இடம். வெறுங்காலோடுதான் நின்றேன்.

இரண்டாவது பாட்டில் ஓர் இடத்தில் குரலை நன்றாக இறக்கிப் பாட வேண்டும். மைக்கை உதட்டோடு ஒட்டினேன். யாரோ சுத்தியலால் வாயில் அடித்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். பல் கிட்டிக்கொண்டது. மைக்கை விட்டுவிட வேண்டும் என்று எனக்குத் தெரிகிறது, விரல்கள் கேட்கவில்லை. அவை என் விரல்களே இல்லை. தலை தானாக ஆடியது, கொண்டை அவிழ்ந்தது, தொண்டையிலிருந்து ஏதோ சத்தம் வந்தது. எப்படி விட்டது என்று இன்றுவரை தெரியாது. விழுந்து கிடந்தேன். மைக் என்னிடமிருந்து ஒரு முழம் தள்ளி, பாக்ஸ் முன்னால் விழுந்து, கூவ ஆரம்பித்திருந்தது.

தலைவிரி கோலமாக ஒரு பெண் அம்மன் கோயில் மேடையில் ஆடி விழுந்தால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்?

"ஆத்தா வந்துட்டாடா!" என்று ஒரு குரல். அவ்வளவுதான். பம்பை வெளுத்து வாங்கியது, பெண்கள் குலவையிட்டார்கள். யாரோ என் கையில் வேப்பிலையைத் திணித்தார்கள். இன்னொருவர் ஒரு குடம் மஞ்சள் தண்ணீரைக் கொண்டுவந்து தலையில் ஊற்றினார். பக்கத்தில் கரண்டோடு கிடக்கிறது அந்த மைக். தண்ணீர் அதை நோக்கி ஓடுவதைத் தரையில் கிடந்தபடி கண்ணால் பார்க்கிறேன். ஊற்றாதீர்கள் என்று கத்த நினைத்தேன். நாக்கு எழவில்லை. "ம்ம், ம்ம்" என்று மட்டும் வந்தது.

"ஆத்தாவுக்கு இன்னும் ஒடம்பு குளிரல, இன்னொரு கொடம் எட்தா!"

அந்தக் குடமும் ஊற்றப்பட்டது. செத்தோம் என்றுதான் நினைத்தேன். நான் பிழைத்தது எப்படி என்றால், சத்தம் பொறுக்க முடியாமல் யாரோ செட்டையே அணைத்துவிட்டார்கள். பிறகு ஒரு பெரியவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்து, "ஆத்தா, எம் பொண்ணுக்கு இந்த வருசம் கல்யாணம் முடிஞ்சிடுமா?" என்று கேட்டார். எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. நான் அழுததையே நல்ல வாக்காக எடுத்துக்கொண்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்.

பம்மலில் இருந்த எங்கள் வீட்டுக்கு நான் போய்ச் சேர்வதற்குள் சேதி அங்கே போய்விட்டது. "சாமி வந்துச்சாமே?" என்று வாசலிலேயே கேட்டார் வீட்டுக்காரர். ஆமாம் என்று தலையாட்டினேன்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். அவர் கரண்டோடு பிழைக்கிறவர். பட்டறையில் கூட வேலை பார்த்த ஒருவர் ஷாக் அடித்துப் போய்ச் சேர்ந்ததைக் கண்ணெதிரே பார்த்தவர். வீட்டில் ஒரு பல்பு மாற்ற வேண்டும் என்றால்கூட, ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு, என்னைச் சமையலறைக்குள் போகச் சொல்லிவிட்டுத்தான் ஸ்டூல் மேல் ஏறுவார். மேடையில் எனக்குக் கரண்டு அடித்தது என்று தெரிந்தால் அன்றோடு என் பாட்டு முடிந்தது. பாட்டு இல்லாமல் எனக்கு என்ன இருக்கிறது? காலையில் குழாயடி, பகலில் நர்சரிப் பிள்ளைகள், சாயங்காலம் தோசை மாவு. அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரத்துக்காகத்தான் மற்ற ஆறு நாளும் நான் ஒழுங்காக இருந்தேன். அதனால் பழியை அம்மன் தலையில் போட்டுவிட்டேன். அவர் அதை மனதார நம்பினார். வெள்ளிக்கிழமை கறி தின்பதை விட்டார். சண்டை போடும்போதுகூடக் கொஞ்சம் மரியாதையாகப் போட்டார்.

நான்தான் மாறிப்போனேன். மைக் ஒரு சாண் தள்ளிப் போனது. வேர்க்கிறது என்று சாக்குச் சொல்லி அதைக் கைக்குட்டை சுற்றிப் பிடித்தேன். தலைக்குப் பஞ்சு உறை போட்டுப் பார்த்தேன். குரல் மந்தமாக இருக்கிறது என்று அண்ணா பிடுங்கிப் போட்டுவிட்டார். ஒயர் இல்லாத மைக் ஒன்று குழுவில் இருந்தது. அது அறிவிப்பாளருக்கு. குரல் அப்போது கணீரென்று இருந்ததால், தள்ளிப் பிடித்தாலும் ஒப்பேறிக்கொண்டிருந்தது.

பிறகு கழுத்தில் கட்டி வந்தது. தைராய்டு என்றார்கள், ஆபரேஷன் என்றார்கள். நல்லபடியாக முடிந்தது. தழும்பை ஒரு பட்டை நெக்லஸ் மறைத்துவிட்டது. குரலைத்தான் எதுவும் மறைக்கவில்லை. எட்டிப் பிடிக்கிற இடமெல்லாம் காற்றாகப் போயிற்று. மிச்சம் இருந்தது மெல்லிய, பக்கத்து அறைக்குக் கேட்காத ஒரு குரல். சில மாதம் காத்திருந்து, சாதகம் பண்ணி, அந்தக் குரலில் என்னென்ன பாட முடியும் என்று பொறுக்கி எடுத்துக்கொண்டு திரும்ப மேடைக்குப் போனேன்.

குரோம்பேட்டையில் ஒரு குழந்தையின் முதல் பிறந்தநாள். சின்ன ஹால், தாழ்ந்த கூரை, சுற்றிலும் வழவழப்பான டைல்ஸ். குரலோ சின்னது, மைக்கோ ஒரு சாண் தள்ளி. வீட்டுக்காரர் என்ன செய்வார், ஏற்றினார். பாட்டின் ஒவ்வொரு வார்த்தைக்கும் பின்னால் 'ங்' என்று ஒரு வால் முளைத்தது. கூவப் போகிறது என்பதற்கு அதுதான் அறிகுறி. பயத்தில் மைக்கின் தலையை உள்ளங்கையால் பொத்தினேன். அதைத்தான் செய்யக் கூடாது என்று அவர் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். தலையைப் பொத்தினால் மைக் நாலா பக்கத்துச் சத்தத்தையும் சேர்த்து வாங்கும். வீறிட்டுக் கூவியது. கேக் வெட்டப்போன கையை அந்தத் தாய் அப்படியே நிறுத்தினாள். பிறந்தநாள் குழந்தை நீலம் பாரித்து அழுதது. கொட்டிவிட்ட பாலைப் பார்த்துக்கொண்டு நிற்பவள் மாதிரி நான் நின்றேன்.

வேனில் ஏறும்போது அண்ணா என்னைத் தனியே கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. ஆபரேஷன் சமயத்தில் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து பார்த்தவர்.

"தப்பா எடுத்துக்காதேம்மா. நாவலூர்ல ஐ.டி. கம்பெனில வேலை பண்ற பொண்ணு ஒண்ணு ரொம்ப நாளா சான்ஸ் கேட்டுட்டு இருக்கு. நல்லாவே பாடுது. வர்ற ஞாயித்துக்கிழமை மேற்குத் தாம்பரத்துல ரிசப்ஷன். அதுல இன்னொரு வாட்டி இப்படிக் கூவுச்சுன்னா, நீ கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுத்துக்கோ."

ரெஸ்ட் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அப்படி ரெஸ்ட் எடுக்கப் போன தபேலாக்காரர் இப்போது ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் முழுக்க வீட்டுக்காரர் தூங்கவில்லை. எங்கே சறுக்குகிறது என்று அவருக்குப் புரியவில்லை. "வாயைக் கிட்ட வெச்சா போதும்டி, மத்தது நான் பாத்துக்கறேன்" என்று கெஞ்சினார். ஒரு தடவை தோசைக்கரண்டியை மைக் மாதிரி பிடித்து, உதட்டில் ஒட்டிக் காட்டினார். சிரிக்கிற மாதிரி இருந்தாலும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. சரி, சரி என்றேன். நான் கிட்டே வைக்க மாட்டேன் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் தாழ்வதற்கு முன்பே மண்டபத்துக்குப் போய்விட்டோம். புத்தம் புது மண்டபம். தரையெல்லாம் பளிங்கு, பக்கச் சுவரெல்லாம் கண்ணாடி. உள்ளே நுழைந்ததும் வீட்டுக்காரர் ஒரு தடவை கை தட்டிப் பார்த்தார். அந்தத் தட்டு சுவருக்குச் சுவர் மோதிக்கொண்டு நெடுநேரம் சுற்றியது. அவர் முகம் கறுத்தது.

பாக்ஸை முன்னால் வைக்கப் போனால் வீடியோக்காரர் ஓடி வந்தார். "சார், கறுப்பா ரெண்டு பொட்டி ஃபிரேம்ல நிக்குது சார், ஆல்பமே பாழாயிடும். பின்னாடி தள்ளுங்க." பின்னால் என்றால் பாடுகிறவர்களின் முதுகுக்குப் பின்னால், பூ வளைவுக்குள். அதாவது பாக்ஸ் நேராக என் மைக்கைப் பார்த்துப் பேசும். அவரோடு மல்லுக்கட்டி முடிப்பதற்குள் பெண்ணின் மாமா வந்தார். "ஜனங்களுக்குக் கேக்கலன்னா பரவால்ல, பொண்ணு மாப்ளைக்கு நல்லா கேக்கணும். அந்தப் பொட்டியை அவங்க பக்கம் திருப்புங்க." பெண்ணும் மாப்பிள்ளையும் உட்காரப்போவது மேடையின் நடுவில், எங்களுக்குச் சற்றுப் பின்னால். ஒரு கல்யாணத்தில் மைக் கூவுவதற்கு என்னென்ன ஏற்பாடு செய்ய வேண்டுமோ அத்தனையையும் ஆளாளுக்கு அக்கறையோடு செய்தார்கள். வீட்டுக்காரர் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி, பாக்ஸ்களை மேடையின் இரண்டு ஓரத்திலும் கொஞ்சம் முன்னே நகர்த்தி, மேலே பட்டுத்துணியும் பூச்சரமும் போட்டு மறைக்க ஒப்புக்கொண்டார். பெண் மாப்பிள்ளைக்காக ஒரு சின்னப் பெட்டியைத் தனியாக அவர்கள் காலடியில் வைத்து, பெயருக்குச் சத்தம் வைத்தார்.

இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போது பூ அலங்காரக்காரர், பூ வாடாமல் இருப்பதற்காக வளைவு முழுக்கத் தண்ணீர் அடித்துவிட்டுப் போனார். செருப்பைக் கழற்றிவிட்டு மேடையைத் தொட்டுக் கும்பிட்டு ஏறினேன். கம்பளத்தில் கால் வைத்தேன். சொதசொதவென்றது.

பம்பைச் சத்தம் கேட்டது. மஞ்சள் தண்ணீர் வாடை அடித்தது. இரண்டும் அங்கே இல்லை என்று எனக்குத் தெரியும். கீழே இருந்து வீட்டுக்காரர் குரல் கொடுத்தார், "பாடிப் பாரு. கிட்ட வெச்சி." மைக் ஸ்டாண்டில் நின்றது. அதை எடுக்கக் கை நீளவில்லை.

"எடும்மா, நேரமாவுது" என்றார் அண்ணா.

இறங்கி ஓடிவிட்டேன். மணமகள் அறைக்குப் பக்கத்தில், வாடகைப் பாத்திரங்கள் அடுக்கியிருந்த சந்தில் போய் நின்றேன். வீட்டுக்காரர் பின்னாலேயே வந்தார். பல்லெல்லாம் தந்தியடித்தது எனக்கு.

"இன்னாடி? ஒடம்பு சரியில்லையா? இன்னா ஆச்சி, சொல்லு."

"என்னால கிட்ட வெக்க முடியாதுங்க."

"ஏன்?"

"படப்பைல எனக்கு சாமி வரலைங்க" என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. "வரலையா?"

"கரண்டு அடிச்சிச்சு. மைக்ல. உதட்டுல. விடவே இல்லீங்க. அவங்க தண்ணி ஊத்துனாங்க. நான் செத்துடுவேன்னு நெனச்சேன். உங்க கிட்ட சொன்னா பாட விட மாட்டீங்கன்னு…" மேலே பேச முடியாமல் தேம்பினேன்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். கவிழ்த்து வைத்திருந்த ஓர் அண்டா மேல் மெல்ல உட்கார்ந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. ஒரு வருஷத்து வெள்ளிக்கிழமைகள் எல்லாம் அவருக்குள் ஓடியிருக்கும். இனி வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லப்போகிறார், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

"உதட்டுல எந்த எடம்?" என்று கேட்டார்.

கீழுதட்டின் இடது ஓரத்தைத் தொட்டுக் காட்டினேன். அவர் எழுந்து போனார்.

மேடைக்குப் பின்பக்கம் போய் எங்கள் மிக்ஸர் ஒயரைக் கையால் பிடித்துக்கொண்டே நடந்தார். நானும் பின்னால் போனேன். எங்கள் பிளக்குக்கு மூன்று முள், ஒழுங்காகத்தான் இருந்தது. அதைச் சொருகியிருந்தது லைட்காரர் கொடுத்த ஒரு பலகையில். அந்தப் பலகையின் ஒயர் சுவருக்குப் போன இடத்தில் பிளக்கே இல்லை. இரண்டு ஒயர் முனைகளைத் துளைக்குள் விட்டுத் தீக்குச்சி சொருகி இறுக்கியிருந்தார்கள். கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடும் எர்த்துக்கான மூன்றாவது துளை காலியாகக் கிடந்தது.

"இன்னாய்யா இது?" என்றார் வீட்டுக்காரர்.

"இன்னா சார், எப்பவும் இப்டிதான் போட்டுகினு கீறோம்" என்றார் லைட்காரர். "இதுவரிக்கும் ஒண்ணியும் ஆவல."

"ஆயிருக்குய்யா!" என்று கத்தினார். வேலை இடத்தில் குரல் உயர்த்தி அவர் பேசி அன்றுதான் கேட்டேன். பந்தி மேஜையில் காகிதம் விரித்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தப் பலகையைக் கழற்றி எறிந்தார். மேனேஜர் அறையிலிருந்து தனியாக ஒரு லைன் இழுத்தார். பையிலிருந்து பல்பு ஒன்றை எடுத்து அந்த லைனின் எர்த்தில் கொடுத்துப் பார்த்தார். முழு வெளிச்சத்தில் எரிந்தது, எர்த் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். மிக்ஸரின் மேல், ஆம்ப்ளிஃபையரின் மேல், கடைசியாக என் மைக்கின் தலையில் டெஸ்டரை வைத்தார். டெஸ்டரில் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. மறுபடி வைத்தார். மறுபடியும் இல்லை.

"ஒண்ணும் இல்ல. வா" என்றார்.

நான் அசையவில்லை. டெஸ்டர் சொல்வதை மூளை நம்பியது. உதடு நம்பவில்லை.

அவர் என்னையே பார்த்தார். பிறகு மேடைக்குக் கீழே நின்று தன் ரப்பர் செருப்பைக் கழற்றினார். கரண்டுப் பொருளைத் தொடுகிற நேரத்தில் அவர் செருப்பைக் கழற்றி நான் பார்த்ததே இல்லை. மேடையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறி, நான் நிற்க வேண்டிய இடத்தில், அந்த ஈரக் கம்பளத்தில் வெறுங்காலோடு நின்றார். மைக்கைக் கையில் எடுத்தார். கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். எதையோ முணுமுணுத்தார். கீழுதட்டின் இடது ஓரத்தை, நான் காட்டிய அதே இடத்தை, மைக்கின் மேல் வைத்தார்.

ஓடிப்போய்ப் பிடுங்கிவிட வேண்டும் என்று தோன்றியது. பிடுங்கினால் எனக்கும் சேர்த்து அடிக்கும் என்று தோன்றியது. இரண்டும் ஒரே நேரத்தில் தோன்றி, கால் நகராமல் நின்றேன்.

"செக்" என்றார்.

உடைந்துபோன குரல். மண்டபம் முழுக்கக் கேட்டது. உதட்டை எடுக்காமலே, "செக்… செக்… அவ்ளோதான்டி" என்றார். மேளக்காரர் சிரித்தார். "அண்ணன் மைக்குக்கு முத்தம் குடுக்குறாருடா!" என்று டிரம்ஸ் வாசிப்பவர் கத்தினார். இவர் யாரையும் பார்க்காமல் இறங்கிப் போய் மிக்ஸர் முன்னால் உட்கார்ந்துகொண்டார். செருப்பைப் போட மறந்துவிட்டார்.

சாயங்காலம் ஹால் நிறைந்தது. என் பாட்டு வந்தது. தாலாட்டு மாதிரி மெல்ல ஆரம்பிக்கிற ஒரு பழைய பாட்டு, என் புதுக் குரலுக்கென்று பொறுக்கி எடுத்தது. கூச்சமில்லாமல் சொல்கிறேன், பல்லவியை ஒரு சாண் தள்ளி வைத்துத்தான் பாடினேன். அவ்வளவுக்குப் பிறகும் உடம்பு கேட்கவில்லை. முன்வரிசையில் ஒரு அம்மாள் காதைக் கூர்மையாக்கி, எதுவும் கேட்காமல் பக்கத்தில் பேச ஆரம்பித்தார். வீட்டுக்காரர் சத்தத்தை ஏற்றினார். இரண்டாவது வரியின் முடிவில் 'ங்' என்று வால் முளைத்தது.

அண்ணாவின் தலை கீபோர்டிலிருந்து நிமிர்ந்தது. வால் நீண்டது. கண்ணாடிச் சுவர்களில் அது ஓடுவது எனக்குக் கேட்டது. கையால் பொத்த விரல்கள் எழுந்தன. கீழே பார்த்தேன். வீட்டுக்காரர் மிக்ஸரின் பொத்தான் மேல் விரலை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தபடி இருந்தார். சத்தத்தை இறக்கினால் கூவாது. ஆனால் என் குரல் யாருக்கும் கேட்காது. அவர் இறக்கவில்லை. காத்துக்கொண்டிருந்தார்.

கண்ணை மூடி, கீழுதட்டை மைக்கில் வைத்தேன்.

இரும்பு சில்லென்று இருந்தது. வேறு ஒன்றும் இல்லை. உடம்பெல்லாம் அடிக்குக் காத்திருந்தது, அடி வரவில்லை. அந்த நொடியே அவர் சத்தத்தை இறக்கினார். வால் அறுந்தது. பிறகு ஒரு குரல் கேட்டது. மெல்லிய, கொஞ்சம் காற்றுக் கலந்த குரல், அவ்வளவு பெரிய மண்டபத்தின் கடைசி வரிசைக்குப் போய் ஒவ்வொருவர் காதுக்குள்ளும் தனித்தனியாகச் சொல்கிற மாதிரி பாடியது. அது என்னுடையது என்று புரிய எனக்கு ஒரு வரி ஆயிற்று. பேசிக்கொண்டிருந்த அந்த அம்மாள் பேச்சை நிறுத்தினார். பாட்டு முடியும்வரை உதட்டை எடுக்கவில்லை. பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். கடைசி வரி வரைக்கும் பயந்துகொண்டேதான் பாடினேன்.

கைதட்டல் அடங்குவதற்குள் அண்ணா தலையைத் திருப்பாமலே, "அடுத்து அந்தச் சோகப் பாட்டு ரெடி பண்ணிக்கோம்மா" என்றார். நிகழ்ச்சிநிரல்படி அடுத்த பாட்டு என்னுடையது இல்லை. நாவலூர் பெண்ணைப் பற்றி அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. சில மாதம் கழித்து அந்தப் பெண்ணும் வந்து சேர்ந்தாள், எனக்குப் பக்கத்தில் நின்று துள்ளலான பாட்டுகளைப் பாடினாள்.

பந்தியில் அவரும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். இலையில் என்ன விழுந்தது என்று இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

"நீங்க வாய வெச்சப்ப உங்களுக்குப் பயமா இல்லீங்களா?" என்று கேட்டேன்.

"உயிரே போச்சி" என்றார். "அதான் மொதல்ல நான் வெச்சேன்."

அதற்குப் பிறகு எந்த ஊருக்குப் போனாலும் அதுவே வழக்கமாகிவிட்டது. டெஸ்டர் எல்லாம் வைத்துப் பார்த்து முடித்ததும் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு மேடை ஏறுவார். குழுவில் எல்லாரும் முத்தம், முத்தம் என்று கேலி பண்ணுவார்கள். நான் சிரிக்க மாட்டேன். அவர் மைக்கைக் கையில் எடுப்பதற்கு முன்னால் மேடைக்குப் பின்னால் போய், எங்கள் லைனின் ஸ்விட்சைக் கண்டுபிடித்து, அதன் மேல் விரலை வைத்துக்கொண்டு நிற்பேன். 'செக்' என்று அவர் குரல் கேட்ட பிறகுதான் கையை எடுப்பேன்.